இரட்டை சிபியு, தொலைவு ஐஓ ரேக்குகள்: எஸ்7-400எச் அமைப்பில் அறிகுறியிலிருந்து பழுதைத் தேடும் முறை

சீமென்ஸ் எஸ்7-400எச் வகை இரட்டைக் கட்டுப்பாட்டு அமைப்பை நிறுவும்போதும், அது ஓடத் தொடங்கிய பின்னும் எழும் பழுதுகளை அறிகுறி வாரியாகத் தேடிச் சரிசெய்யும் முறையை இங்கே எழுதுகிறேன். ஒரே நிரலை ஓட்டும் இரண்டு சிபியுக்கள் (நிரலை நிறைவேற்றும் மையக் கார்டுகள்; ஒன்று மாஸ்டர், மற்றது அதன் துணையான ரிசர்வ்), அவற்றை இணைக்கும் இரண்டு ஜோடி ஃபைபர்கள், ஒவ்வொரு சிபியுவிலிருந்தும் தனித்தனியே புறப்படும் ஒரு புரோஃபிபஸ் லைன் (கருவிகளோடு பேசும் தரவுக் கேபிள்), அந்த இரண்டு லைன்களிலும் ஒருசேர இணைந்திருக்கும் ஈடி 200எம் ரேக்குகள் (உள்ளீட்டு, வெளியீட்டுக் கார்டுகள், அதாவது ஐஓ, இருக்கும் தொலைவுச் சட்டங்கள்), ஒவ்வொரு ரேக்கிலும் லைனுக்கு ஒன்றாக இரண்டு ஐஎம் 153-2 கார்டுகள் (ரேக்கை லைனோடு இணைக்கும் இடைமுகக் கார்டுகள்) என்ற அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்கவும்.

ஒற்றை பிஎல்சியில் (ஆலையை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியில்) பழுது வந்தால் ஆலை நின்றுவிடும். பழுது இருப்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. இரட்டை அமைப்பில் முதல் பழுது ஆலையை நிறுத்தாது. பேனல் கதவுக்குப் பின்னால் ஒரு சிறிய சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். கதவு மூடியிருந்தால் அந்த விளக்கு பல மாதங்கள் யார் கண்ணிலும் படாமல் எரிந்துகொண்டிருக்கும். பிறகு இரண்டாவது பழுது வரும் நாளில், இரட்டையாக வாங்கிய அமைப்பு எப்படி நின்றது என்று எல்லோரும் கேட்பார்கள். அதனால் ஆலை நின்றபின் செய்யவேண்டியவற்றைவிட, ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு விளக்கு எரியும் நிலைகளுக்குத்தான் இந்த வழிமுறையில் அதிக இடம் தந்திருக்கிறேன்.

கை வைப்பதற்கு முன்

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை இரண்டு சிபியுக்களின் டயக்னாஸ்டிக் பஃபரையும் (சிபியு தானே எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவை) படித்து லேப்டாப்பில் சேமித்து வைப்பது. ஒன்றை மட்டும் படித்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். மாஸ்டர் தன் பஃபரில் "துணையை இழந்தேன்" என்று எழுதும்போது, ஏன் இழந்தது என்ற காரணம் பெரும்பாலும் மற்ற சிபியுவின் பஃபரில்தான் இருக்கும். பஃபரில் புதிய நிகழ்வு மேலே இருக்கும். ஆனால் பழுதின் வேர் கீழே இருக்கும். எனவே பழுது தொடங்கிய நேரத்துக்கு இறங்கி, அங்கிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திப் போட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணம் எவ்வளவு வலுவாக வந்தாலும், இந்த வேலை முடியும்வரை ஸ்விட்சைத் தொடக்கூடாது.

அடுத்ததாக, எந்த சிபியு மாஸ்டராக இருக்கிறது என்பதை எம்எஸ்டிஆர் விளக்கைப் பார்த்து ஒரு தாளில் எழுதவும். அதன்பின் ஒவ்வொரு ஈடி 200எம் ரேக்கிலும் ஏசிடி விளக்கு எந்த ஐஎம் கார்டில் எரிகிறது என்பதைக் குறித்துக்கொள்ளவும். நலமாக இருக்கும் ரேக்கில் இரண்டு ஐஎம் கார்டுகளிலும் பிஎஃப் (லைன் பழுது) விளக்கு அணைந்திருக்கும். ஏசிடி ஒன்றில் மட்டும் எரியும். ஏசிடி எரியும் கார்டுதான் அந்த நேரத்தில் ஐஓ தரவைக் கடத்துகிறது. ஒரு லைனில் வேலை செய்யப்போகிறீர்கள் என்றால், எல்லா ரேக்குகளும் மற்ற லைனில் நலமாக இருக்கின்றன என்று கண்ணால் பார்த்த பிறகே கனெக்டரைக் கழற்ற வேண்டும். ஒரே ஒரு ரேக்கில் மறுபக்க ஐஎம் ஏற்கெனவே பழுதாகியிருந்தால், நீங்கள் கழற்றும் கனெக்டரே அந்த இரண்டாவது பழுதாகிவிடும்.

அறிகுறி: இரண்டு சிபியுக்களும் தனித்தனியே நன்றாக இருக்கின்றன, ஆனால் ஒன்றோடொன்று சேர மறுக்கின்றன

புதிதாக நிறுவும் இடங்களில் முதலில் எதிர்ப்படும் சிக்கல் இதுதான். ஒரு சிபியு ரன் நிலையில் இருக்கும். மற்றதை ரன்னுக்குத் தள்ளினால் அது ஸ்டாப்பிலேயே நிற்கும், அல்லது சற்று முயன்று ஸ்டாப்புக்குத் திரும்பிவிடும். ஆர்இடிஎஃப் என்று பொறிக்கப்பட்ட விளக்கு தொடர்ந்து எரியும். இந்த விளக்கின் பழக்கத்தை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது: மெதுவாக, அதாவது இரண்டு நொடிக்கு ஒரு முறை சிமிட்டினால் இணைப்பு நடக்கிறது, வேகமாக, நொடிக்கு இரண்டு முறை சிமிட்டினால் தரவுப் புதுப்பிப்பு நடக்கிறது, அணைந்திருந்தால் இரட்டை நிலை எட்டப்பட்டுவிட்டது, மற்ற எல்லா நிலைகளிலும் எரிந்துகொண்டே இருக்கும்.

முதலில் ரேக் எண்ணைப் பார்க்கவும். ஒரு சிபியுவில் ரேக்0 விளக்கும் மற்றதில் ரேக்1 விளக்கும் எரிய வேண்டும். இரண்டிலும் ரேக்0 எரிந்தால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை. 5எச் வரிசை சிபியுக்களில் இந்த எண்ணைத் தீர்மானிக்கும் சிறு ஸ்விட்ச் கார்டின் பின்புறத்தில் இருப்பதால், ரேக்கிலிருந்து கார்டை வெளியே எடுக்காமல் அது தெரியாது. உதிரியாக வாங்கிவைத்த சிபியுவை அவசரத்தில் மாற்றும்போது இந்த ஸ்விட்சை மறந்துவிடுவது மிக எளிது. ஸ்விட்சை மாற்றினால் மட்டும் போதாது. மின்சாரத்தை முழுவதுமாக நிறுத்தி மீண்டும் கொடுத்த பிறகே புதிய எண் ஏற்கப்படும்.

ரேக் எண் சரியாக இருந்தால் ஃபைபருக்குப் போகவும். ஒவ்வொரு சிபியுவிலும் ஃபைபர் செருகும் சின்க் மாட்யூல்கள் இரண்டு உண்டு. மேலே உள்ளது மறுபக்கத்து மேல் மாட்யூலோடும், கீழே உள்ளது மறுபக்கத்துக் கீழ் மாட்யூலோடும் இணைய வேண்டும். குறுக்காக இணைத்தால் சேராது. கேபிளின் இரண்டு முனைகளிலும் 1, 2 என்று லேபிள் ஒட்டும் வேலைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஒட்டாமல் விட்ட இடங்களில் நான் அரை நாள் செலவழித்திருக்கிறேன். கனெக்டரைக் கழற்றிய உடனே தூசு மூடியை மாட்டவும், முனையைத் துடைக்காமல் திரும்பச் செருக வேண்டாம். வருவது வகுப்பு 1 லேசர்தான் என்றாலும் ஃபைபர் முனைக்குள் நேராகப் பார்க்கக் கூடாது.

இவை இரண்டும் சரியென்றால் மீதமிருப்பது பெரும்பாலும் இரண்டு சிபியுக்களுக்கும் இடையிலான வேறுபாடு. ஆர்டர் எண்ணும் ஃபர்ம்வேர் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். மெமரி கார்டுகள் இரண்டும் ராம் வகையாக இருக்க வேண்டும், அல்லது இரண்டும் ஃபிளாஷ் வகையாக இருக்க வேண்டும். ஒன்றில் ஒரு வகையும் மற்றதில் மறு வகையும் கூடாது. இதையும் பார்த்துவிட்டு இன்னமும் சேரவில்லை என்றால், நிரலுக்குள் எஸ்எஃப்சி 90 என்ற அமைப்புச் செயல்பாடு அழைக்கப்படுகிறதா என்று தேடவும். அந்தச் செயல்பாட்டால் இணைப்பையே தடை செய்ய முடியும். அமைப்பை முதன்முதலில் ஓடவைக்கும் காலத்தில் யாரோ ஒருவர் தற்காலிகமாகத் தடைசெய்து, தடையை நீக்கும் வரியை எழுதாமல் போயிருக்கலாம். வன்பொருள் முழுவதும் நலமாக இருந்தும் இரட்டை நிலை வராததற்கு இப்படி ஒரே ஒரு வரி காரணமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: இணைப்பு தொடங்குகிறது, புதுப்பிப்புக் கட்டத்தில் முறிந்துவிடுகிறது

ஆர்இடிஎஃப் மெதுவாகச் சிமிட்டி, வேகமாகச் சிமிட்டி, பிறகு மறுபடி நிலையாக எரியத் தொடங்கும். மாஸ்டர் தனியாகவே ஓடும். இதைக் கார்டு பழுது என்று எடுத்துக்கொண்டு சிபியுவை மாற்றுகிறார்கள். பெரும்பாலும் இது நேரக்கணக்குச் சிக்கல்.

புதுப்பிப்பின்போது மாஸ்டர் தன் மாறும் தரவை ரிசர்வுக்கு அனுப்புகிறது. அந்தச் சிறு இடைவெளியில் முதலில் தொடர்புகள் தாமதப்படும், பிறகு முன்னுரிமை குறைந்த பணிகள் நிற்கும், இறுதியாக 15-க்கு மேற்பட்ட முன்னுரிமை வகுப்புகளும் சிறிது நேரம் தடைபடும். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்ற உச்சவரம்பை ஹார்டுவேர் கான்ஃபிகில் (வன்பொருளை அமைக்கும் மென்பொருளில்) நாமே கொடுக்கிறோம். முதன்முதலில் ஓடவைத்த நாளில் நிரல் சிறிதாக இருந்திருக்கும். இரண்டு ஆண்டுகளில் டேட்டா பிளாக்குகள் பெருகியிருக்கும். உச்சவரம்பு மட்டும் பழைய எண்ணிலேயே இருக்கும். புதுப்பிப்பு அந்த வரம்பைத் தாண்டியதும் அமைப்பு ஆலையைக் காப்பாற்றுவதற்காக இணைப்பை ரத்து செய்கிறது. அது சரியான நடத்தை. நாம் கொடுத்த எண்தான் பொருந்தாமல் போயிருக்கிறது.

வரம்பைக் கண்ணை மூடிக்கொண்டு பெரிதாக்குவதும் தவறு. வெளியீடுகள் எவ்வளவு நேரம் பழைய மதிப்பிலேயே நின்றாலும் செயல்முறைக்கு ஆபத்தில்லை என்பதைச் செயல்முறைப் பொறியாளரிடம் கேட்டறிந்து, அந்த எண்ணுக்குள் அடங்கும்படி அமைக்க வேண்டும். மெதுவாக நிரம்பும் தொட்டிக்கும் வேகமாகத் திறந்து மூடும் அழுத்த வால்வுக்கும் ஒரே எண் பொருந்தாது.

இன்னொன்றும் உண்டு. யாராவது பொறியியல் கணினியிலிருந்து பிளாக்குகளை ஏற்றிக்கொண்டிருந்தாலோ, மெமரியைச் சுருக்கிக்கொண்டிருந்தாலோ, பிரேக்பாயிண்ட் வைத்திருந்தாலோ இணைப்பு நடக்காது. இணைக்கும் முன் கண்ட்ரோல் ரூமில் யார் ஆன்லைனில் இருக்கிறார்கள் என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

அறிகுறி: இரட்டை நிலை இருக்கிறது, ஆனால் ஐஎஃப்எம்1எஃப் அல்லது ஐஎஃப்எம்2எஃப் எரிகிறது

இரண்டு ஃபைபர் இணைப்புகளில் ஒன்று போய்விட்டது என்பதுதான் இதன் பொருள். அமைப்பு மற்ற இணைப்பில் இரட்டையாகவே ஓடும். முன்னே சொன்ன, யார் கண்ணிலும் படாத சிவப்பு விளக்குக்கு இதைவிடச் சரியான எடுத்துக்காட்டு கிடையாது.

ஒரு நீரேற்று நிலையத்தில் ஐஎஃப்எம்2எஃப் காலையில் எரியும், பத்து மணிக்கு மேல் அணைந்துவிடும். சின்க் மாட்யூலை மாற்றினோம், எதுவும் மாறவில்லை. கடைசியில் பேனல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டே அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம். கதவைத் திறக்கும்போதெல்லாம் விளக்கு அணைந்தது, மூடும்போது எரிந்தது. கதவின் கீலுக்கு அருகில் இரண்டாவது ஃபைபர் ஒரு பிளாஸ்டிக் டையால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. கதவு மூடும்போது அந்த இடத்தில் கேபிள் விரல் தடிமனுக்கு மடிந்தது. ஷிப்ட் ஆள் பத்து மணிக்குக் கதவைத் திறந்து சுத்தம் செய்துவிட்டு, திறந்தபடியே விட்டுப்போவார் என்பதால் விளக்கு அணைந்தது. டையை வெட்டி, கேபிளை அகன்ற வளைவாகச் சுற்றிவிட்டதும் பழுது போயிற்று. உறையில் மெல்லிய வெள்ளைக் கோடு விழுந்திருந்ததால் பின்னர் அந்தக் கேபிளையே மாற்றினோம்.

5எச் சிபியுக்களில் ஒவ்வொரு இணைப்புக்கும் லிங்க் ஓகே விளக்கு தனியே உண்டு. கேபிளை அசைத்துப் பார்க்கும்போது அதைக் கவனியுங்கள். இரண்டு ஜோடிகளையும் ஒரே கேபிள் டிரேயில், ஒரே துளை வழியே கொண்டுபோகக் கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் அறுந்தால் இரு சிபியுக்களுமே தன்னை மாஸ்டர் என்று கருதிக்கொண்டு ஓடும் அபாயம் உண்டு. அது இரட்டை அமைப்பில் நிகழக்கூடியவற்றிலேயே மிக மோசமான நிலை. இரண்டு பேனல்களும் அடுத்தடுத்து நின்றால்கூட ஒன்றை மேல் வழியாகவும் மற்றதைக் கீழ் வழியாகவும் கொண்டுபோங்கள்.

அறிகுறி: ஒரு ஈடி 200எம் ரேக்கில் ஒரு ஐஎம் கார்டில் மட்டும் பிஎஃப் எரிகிறது அல்லது சிமிட்டுகிறது

நிலையாக எரிந்தால் அந்தக் கார்டுக்கு லைனில் தொடர்பே கிடைக்கவில்லை. சிமிட்டினால் லைன் தெரிகிறது, ஆனால் தரவுப் பரிமாற்றம் நடக்கவில்லை. முகவரியோ கட்டமைப்போ பொருந்தவில்லை என்று தொடங்கலாம்.

சிமிட்டும் கார்டில் முதலில் டிப் ஸ்விட்ச் முகவரியைப் பார்க்கவும். ஒரே ரேக்கில் உள்ள இரண்டு ஐஎம் கார்டுகளுக்கும் ஒரே புரோஃபிபஸ் முகவரிதான் இருக்க வேண்டும். இரண்டும் தனித்தனி லைன்களில் இருப்பதால் மோதல் வராது. ஒற்றை அமைப்புகளில் பழகிய கைகள் இரண்டாவது கார்டுக்கு அடுத்த எண்ணைக் கொடுத்துவிடும். முகவரியை மாற்றிய பிறகு கார்டின் 24 வோல்ட்டை நிறுத்திக் கொடுக்க வேண்டும். அதற்கடுத்து, ரேக்கில் இருக்கும் கார்டுகளின் வரிசையும் ஹார்டுவேர் கான்ஃபிகில் உள்ள வரிசையும் ஒன்றா என்று பார்க்கவும். இரட்டை ஐஎம் உள்ள ரேக்கில் ஆக்டிவ் பஸ் மாட்யூல்கள் இருக்க வேண்டும். அவை சரியாக அழுந்தி உட்கார்ந்திருக்கின்றனவா என்பதையும் கையால் தொட்டுப் பாருங்கள்.

நிலையாக எரிந்தாலோ, வந்து வந்து போனாலோ, பழுது பெரும்பாலும் செப்புக் கம்பியில்தான். இந்தப் பகுதிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தொலைவு ரேக்குகளில் நான் பார்த்த பழுதுகளில் பெரும்பகுதி கார்டுகளில் இருந்ததில்லை, ஊதாநிறக் கேபிளில்தான் இருந்தது.

நீளத்திலிருந்து தொடங்குங்கள். புரோஃபிபஸ் செப்பு லைனின் ஒரு துண்டுக்கான நீளம் வேகத்தைப் பொறுத்தது: நொடிக்கு 187.5 கிலோபிட் வேகத்தில் 1000 மீட்டர், 500 கிலோபிட்டில் 400 மீட்டர், 1.5 மெகாபிட்டில் 200 மீட்டர், 3 முதல் 12 மெகாபிட் வரை 100 மீட்டர். ஒரு துண்டில் 32 நிலையங்களுக்கு மேல் கூடாது, ரிப்பீட்டரும் ஒரு நிலையமாகவே எண்ணப்படும். வரைபடத்தில் 150 மீட்டர் என்று இருக்கும் கேபிள், டிரே ஏறி இறங்கி ஒவ்வொரு பேனலுக்குள்ளும் சுற்றி வரும்போது 210 மீட்டராகியிருக்கலாம். கேபிள் உறையில் மீட்டர்க் குறி அச்சிடப்பட்டிருந்தால் இரண்டு முனைகளிலும் அதைப் படித்துக் கழித்துப் பாருங்கள். வேகத்தைக் குறைத்தால் சரியாகிவிடும் என்றால் தயங்காமல் குறையுங்கள். பல ஆலைகளுக்கு 500 கிலோபிட் தாராளமாகப் போதும்.

அடுத்தது டெர்மினேஷன், அதாவது லைனின் முனைகளை முடித்துவைக்கும் ரெசிஸ்டர்கள். கனெக்டருக்குள் இருக்கும் மூன்று ரெசிஸ்டர்கள் 390, 220, 390 ஓம். நடுவிலுள்ள 220 ஏ, பி கம்பிகளுக்கு இடையே நிற்கிறது. மேலும் கீழும் உள்ள இரண்டும் கருவி தரும் 5 வோல்ட்டோடு இணைந்து, யாரும் பேசாதபோது லைனை ஒரு நிலையான மின்னழுத்தத்தில் பிடித்துவைக்கின்றன. லைனின் இரண்டு முனைகளில் மட்டும் ஸ்விட்ச் ஆன் நிலையில் இருக்க வேண்டும். இடையில் எங்காவது ஆன் செய்தால் அந்த கனெக்டரிலிருந்து வெளியேறும் கேபிள் துண்டிக்கப்படும், அதன் பின்னால் உள்ள எல்லா ரேக்குகளும் ஒரே நேரத்தில் காணாமல் போகும். "நாலாம் ரேக்கிலிருந்து எல்லாம் போச்சு" என்று தொலைபேசியில் சொன்னால், நாலாம் ரேக்குக்கும் அதற்கு முந்தைய மூன்றாம் ரேக்குக்கும் போய் கனெக்டர் ஸ்விட்சைப் பார்ப்பதுதான் முதல் வேலை. உள்வரும் கேபிள் உள்வரும் அம்புக்குறியில்தான் இருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். முனைக் கனெக்டரில் ஒற்றைக் கேபிளை வெளியேறும் பக்கத்தில் மாட்டிவிட்டு ஸ்விட்சை ஆன் செய்தால், அந்த ரேக் மட்டும் செத்துக் கிடக்கும்.

மீட்டரால் சரிபார்க்க ஒரு எளிய முறை உண்டு. அந்த லைனில் இருக்கும் எல்லாக் கனெக்டர்களையும் கருவிகளிலிருந்து கழற்றவும். இரு முனைகளிலும் டெர்மினேஷன் ஆனில் இருக்கட்டும். ஒரு கனெக்டரின் 3-ஆம் பின்னுக்கும் 8-ஆம் பின்னுக்கும் இடையே அளந்தால் 110 ஓமுக்கு அருகில் வர வேண்டும். 220 வந்தால் ஒரு முனையின் டெர்மினேஷன் இல்லை, அல்லது வழியில் ஒரு கம்பி அறுந்திருக்கிறது. 73 வந்தால் மூன்றாவது டெர்மினேஷன் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. பூஜ்யத்துக்கு அருகே வந்தால் கனெக்டருக்குள் ஷீல்டு இழையோ கம்பியோ உராய்ந்து ஷார்ட் ஆகியிருக்கிறது. 3-ஆம் பின் பி, சிவப்புக் கம்பி. 8-ஆம் பின் ஏ, பச்சைக் கம்பி. ஏதோ ஒரு பேனலில் மட்டும் சிவப்பும் பச்சையும் இடம் மாறியிருப்பது அரிதல்ல.

வந்து வந்து போகும் பழுதுக்கு இன்னொரு காரணம், கடைசி ரேக்கின் மின்சாரம். டெர்மினேஷனுக்கான 5 வோல்ட் அந்த ரேக்கின் ஐஎம் கார்டிலிருந்தே வருகிறது. ஒரு ஆலையில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் முதல் லைன் முழுவதும் தடுமாறியது. எல்லா ரேக்குகளிலும் அந்தப் பக்கத்து பிஎஃப் விளக்குகள் மினுங்கின. ஞாயிறுதோறும் லைனின் கடைசி ரேக் இருந்த பேனலைப் பராமரிப்புக்காக அணைத்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. கார்டில் மின்சாரம் போனதும் டெர்மினேஷனின் பிடிமானம் போயிற்று, மற்ற எட்டு ரேக்குகளும் அதன் விலையைக் கொடுத்தன. லைனின் முனையில், தனக்கென 24 வோல்ட் ஊட்டத்தோடு தனித்து நிற்கும் டெர்மினேட்டர் ஒன்றைப் பொருத்தியதும் ஞாயிற்றுக்கிழமைப் பழுது நின்றது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் குறிப்பிட்ட மோட்டார் ஓடும்போது மட்டும் பிழை வந்தால், ஷீல்டையும் கேபிள் பாதையையும் பாருங்கள். ஷீல்டு ஒவ்வொரு பேனலிலும் உள்ளே நுழைந்த இடத்திலேயே எர்த் பாருடன் அகலமாகப் பிணைக்கப்பட வேண்டும். சுருட்டி ஒரு கம்பியாக முறுக்கிக் கட்டுவது உயர் அதிர்வெண் இரைச்சலுக்குப் பயன்படாது. விஎஃப்டியின் (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவின்) மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் போகும் புரோஃபிபஸ் கேபிளைத் தனி டிரேக்கு மாற்றுவதைத் தவிர நிலையான தீர்வு எதுவும் இல்லை. கட்டடங்களுக்கு இடையே போகும் லைனுக்குச் செப்பே வேண்டாம், ஃபைபருக்கு மாற்றுங்கள்.

அறிகுறி: ஒரு சிபியு நின்றதும் ஆலையும் சேர்ந்து நிற்கிறது

இரட்டை அமைப்புக்குப் பணம் கொடுத்தவர்கள் மிகவும் மனம் நோகும் அறிகுறி இது. ரிசர்வ் ஒழுங்காகவே மாஸ்டராகியிருக்கும். ஆனாலும் ஆலை ட்ரிப் ஆகியிருக்கும். பழுது சிபியுவில் இல்லை, அதைச் சுற்றியிருக்கும் ஒற்றைப் புள்ளிகளில் இருக்கிறது.

மின்சாரத்திலிருந்து பாருங்கள். இரண்டு சிபியு ரேக்குகளின் பவர் சப்ளைகளும் ஒரே எம்சிபியிலிருந்து (சர்க்யூட் பிரேக்கரிலிருந்து) எடுக்கப்பட்டிருக்கிறதா? ஒரே யுபிஎஸ்ஸிலிருந்தா? யுஆர்2-எச் ரேக்கில் இரு பாதிகளும் ஒரே உலோகச் சட்டத்தில் இருந்தாலும் அவற்றின் பின்பலகை தனித்தனி; ஆனால் அவற்றுக்குக் கொடுக்கும் மின்சாரத்தை நாம் ஒன்றாக்கிவிட்டால் அந்தப் பிரிப்புக்குப் பொருளில்லை. ஈடி 200எம் ரேக்கிலும் இதே கேள்வி. இரண்டு ஐஎம் கார்டுகளுக்கும் தனித்தனி 24 வோல்ட் கொடுத்திருப்பார்கள். ஆனால் வெளியீட்டு கார்டுகளின் எல்+ டெர்மினலுக்கு ஒரே எஸ்எம்பிஎஸ் (24 வோல்ட் பவர் சப்ளை) இருக்கும். ஐஎம் இரண்டும் பச்சையாக எரியும், வால்வுகள் எல்லாம் மூடியிருக்கும். இரண்டு எஸ்எம்பிஎஸ்களை டயோடு மாட்யூல் வழியாகச் சேர்த்து எல்+ கொடுப்பதே சரியான முறை. சேர்த்தபின் ஒவ்வொன்றையும் தனியே அணைத்துப் பாருங்கள். ஏற்கெனவே செத்துப்போன எஸ்எம்பிஎஸ்ஸை டயோடு மாட்யூல் அழகாக மறைத்துவிடும், அதனால் அலார்ம் கான்டாக்டைக் கட்டாயம் ஒரு உள்ளீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

அடுத்து ஓபிக்கள், அதாவது குறிப்பிட்ட நிகழ்வு நேரும்போது சிபியு தானே அழைக்கும் நிரல் பகுதிகள். ஒரு ரேக் தொடர்பை இழந்தால் சிபியு ஓபி 86-ஐ அழைக்கும். அது நிரலில் இல்லையென்றால் சிபியு ஸ்டாப்புக்குப் போகும். ஒரு ரேக்கின் பழுதால் முழு ஆலை நிற்பது இப்படித்தான். ஓபி 82, 83, 85, 86, 121, 122 ஆகியவை வெறும் தலைப்போடு காலியாகவாவது இருக்க வேண்டும். ஐஓ இரட்டைத் தன்மை போனால் வரும் ஓபி 70-லும், சிபியு இரட்டைத் தன்மை போனால் வரும் ஓபி 72-லும் கண்ட்ரோல் ரூம் அலார்மை எழுப்பும் வரிகளை எழுதுங்கள். முதல் பழுதை மனிதர்களுக்குச் சொல்லும் வாய் இவை இரண்டுதான். காலியாக விட்டுவிட்டால் சிபியு ஓடும், ஆனால் யாருக்கும் தெரியாது.

மூன்றாவதாக, ஒற்றை புரோஃபிபஸ் போர்ட் மட்டுமே உள்ள விஎஃப்டிகளும் எடைக் கருவிகளும். அவற்றை நேராக ஒரு லைனில் மாட்டியிருந்தால் அந்தப் பக்கத்து சிபியு நின்றதும் அவையும் நிற்கும். ஒய்-லிங்க் என்ற இணைப்புக் கருவி வழியாகவே அவற்றை இரண்டு லைன்களிலும் சேர்க்க வேண்டும். ஒய்-லிங்க் இருந்தும் மாறும் கணத்தில் டிரைவ் ட்ரிப் ஆனால், டிரைவின் வாட்ச்டாக் நேரம் மாற்றத்துக்கு ஆகும் நேரத்தைவிடக் குறைவாக இருக்கிறது, அதை உயர்த்துங்கள்.

அறிகுறி: இரட்டை ஐஓ கார்டுகளில் ஒரு சேனல் ஒதுக்கி வைக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது

ஒரே சிக்னலை இரண்டு கார்டுகளில் படித்து, ஆர்இடி-இன், ஆர்இடி-அவுட் பிளாக்குகளால் (எஃப்பி 450, எஃப்பி 451) ஒன்றாக்கும் அமைப்பில், இரண்டு மதிப்புகளும் குறித்த நேரத்துக்கு மேல் வேறுபட்டால் ஒன்று ஒதுக்கி வைக்கப்படும். எஃப்சி 451-ஐ அழைத்து மீட்டுவிட்டு அடுத்த நாளும் அதே வருகிறதென்றால், மீட்பதை நிறுத்திவிட்டு ஏன் வேறுபடுகிறது என்று பாருங்கள். டிஜிட்டல் உள்ளீட்டில் இரண்டு கார்டுகளின் உள்ளீட்டுத் தாமதம் வேறுபட்டிருக்கலாம். அதிரும் லிமிட் ஸ்விட்சாகவும் இருக்கலாம்.

4-20 மில்லிஆம்ப் லூப்பில் இரண்டு கார்டுகளும் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். பராமரிப்பின்போது ஒரு கார்டின் முன் கனெக்டரைக் கழற்றியதும் மற்ற கார்டும் கம்பி அறுந்ததாகக் காட்டினால், லூப்பைத் தாங்கும் ஜீனர் டயோடு இல்லை, அல்லது கனெக்டரின் தவறான பக்கத்தில் இருக்கிறது. 6.2 வோல்ட் ஜீனரை மார்ஷலிங் டெர்மினலில் (களக் கம்பிகள் வந்து சேரும் இடத்தில்), ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் இணையாகப் பொருத்த வேண்டும். திருப்பிப் பொருத்தினால் மின்னோட்டத்தின் ஒரு பகுதி டயோடு வழியே ஓடி அளவு குறைந்து தெரியக்கூடும். எனவே பொருத்திய பின் 4, 12, 20 மில்லிஆம்ப் மூன்றையும் கொடுத்து இரண்டு கார்டுகளிலும் படித்துப் பாருங்கள்.

அறிகுறி: மாஸ்டர் மாற்றம் நடந்ததும் எச்எம்ஐ (ஆபரேட்டர்) திரை உறைந்து நிற்கிறது

ஆலை ஓடுகிறது, ஆபரேட்டருக்கு எதுவும் தெரியவில்லை. எச்எம்ஐ சர்வரிலிருந்து சிபியுக்களுக்கான தொடர்பு, பழுது தாங்கும் எஸ்7 தொடர்பாக அமைக்கப்பட்டிருக்கிறதா என்றும், கணினியில் ரெட்கனெக்ட் மென்பொருளும் அதன் உரிமமும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். வேறு நிறுவனத்துச் சாதனம் மோட்பஸ் டிசிபி வழியே பேசுகிறதென்றால், இரண்டு ரேக்குகளின் ஈதர்நெட் கார்டுகளுக்கும் ஐபி முகவரி தனித்தனி. ஒன்று பதில் தராதபோது மற்றதை அழைக்கும் ஏற்பாட்டை அந்தச் சாதனத்தின் பக்கத்தில்தான் செய்ய வேண்டும்.

சரிசெய்த பிறகு

அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, செயல்முறை அமைதியாக இருக்கும் நேரத்தில், இந்த வரிசையில் சோதிக்கவும். மாஸ்டர் சிபியுவை ஸ்டாப்புக்குக் கொண்டுபோகவும். எம்எஸ்டிஆர் விளக்கு மறுபக்கம் மாறுவதையும், எல்லா ரேக்குகளிலும் ஏசிடி மறு கார்டுக்குப் போவதையும், ஒரு வெளியீடுகூட அசையாததையும் பார்க்கவும். நின்ற சிபியுவை ரன்னுக்குக் கொண்டுவந்து, ஆர்இடிஎஃப் அணையும்வரை காத்திருக்கவும். அது அணையும் முன் அடுத்த சோதனைக்குப் போனால் ஆலையை நீங்களே நிறுத்திவிடுவீர்கள். பிறகு ஒரு ஃபைபரைக் கழற்றிச் செருகவும், அது நலமான பின் மற்றதைக் கழற்றிச் செருகவும். ஒவ்வொரு ரேக்கிலும் ஏசிடி எரியும் ஐஎம் கார்டின் கனெக்டரைக் கழற்றி, மாற்றத்தைப் பார்த்து, திரும்ப மாட்டி பிஎஃப் அணைந்ததை உறுதிசெய்த பிறகே அடுத்த ரேக்குக்குப் போகவும். ஒவ்வொரு சோதனையின்போதும் கண்ட்ரோல் ரூமில் ஒருவர் அலார்ம் வந்ததா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மாற்றம் சரியாக நடந்து அலார்ம் வரவில்லை என்றால் அந்தச் சோதனை தோல்விதான்.

இணைப்பு தொடங்கி ஆர்இடிஎஃப் அணைய ஆன நேரத்தை நொடிக் கணக்கில் ஒரு தாளில் எழுதி, தேதியுடன் பேனல் கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள். அடுத்த ஆண்டு அதே சோதனையில் அந்த நேரம் கூடியிருந்தால், புதுப்பிப்பு முறியத் தொடங்கும் முன்பே உச்சவரம்புகளைத் திருத்திவிடலாம்.